மாத்திரையை நிறுத்தலாமா?

'என் மகளுக்கு 22 வயசு. போன வருஷம் ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்றார்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். நாலு மாசமாக ஒரு தொந்தரவும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் மோரும் கொடுத்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நிறுத்தலாமா? உரமும் பூச்சிமருந்தும் போட்டு நாங்களே விளைவித்த அரிசியால்தான் இந்த நோய் வந்ததா? வரன் பார்க்கும் நேரம் என்பதால் மனசு தவிக்கிறது.'

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதிய இந்தக் கேள்வியை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பி, "அரிசி பற்றிய பகுதிக்கு மட்டும் நீங்கள் பதில் எழுதுங்கள் மேடம். மற்றதை ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம்" என்றார்கள். முழுக் கேள்விக்கும் நானே எழுதுகிறேன் என்று அனுமதி கேட்டேன். காரணம், அந்தப் பெண்ணுக்கு இருக்கும் நோய் எட்டு வருடங்களாக எனக்கும் இருக்கிறது. என் அலுவலகத்தில் இரண்டு பேருக்குத்தான் இது தெரியும். இந்த இதழ் வெளிவந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். இதில் உள்ள மருத்துவச் செய்திகளை என் டாக்டரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மூலம் என்று நானே முடிவு செய்தேன்

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு வேலைக்கு வந்தவள் நான். சர்வீஸில் பெரும்பகுதி காவிரி டெல்டாவில்தான். 2017-ம் ஆண்டு சம்பா நடவு நேரத்தில் மலத்தோடு ரத்தம் போவதை முதன்முதலில் பார்த்தேன். அப்போது எனக்கு 46 வயது. வெயிலில் அலைகிறோம், தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை, மூலமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். துத்திக் கீரை, கருணைக்கிழங்கு, மோர் என்று ஒரு மாதம் போனது. நிற்கவில்லை. ரத்தத்தோடு சளியும் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை. சீதபேதியாக இருக்கலாம் என்று மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டேன். நாலு நாள் குறைந்ததுபோல் இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். மறுபடி அதே மாத்திரை. இப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன்.

கொடுமையிலும் கொடுமை அந்த அவசரம்தான். வருகிறது என்று தெரிந்தால் இரண்டு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது. போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளியும் ரத்தமும் மட்டும் வரும். எழுந்தால் இன்னும் பாக்கி இருப்பதுபோலவே இருக்கும். ஆண்கள் என்றால் வாய்க்கால் ஓரம், கருவக்காடு என்று ஒதுங்கிவிடுவார்கள். ஜீப்பில் நாலு ஆண்களோடு வயலாய்வுக்குப் போகும் ஒரு பெண் அதிகாரி எங்கே ஒதுங்குவது? காலையில் ஆய்வு இருந்தால் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். எந்த ஊரில் யார் வீட்டில் கழிப்பறை இருக்கிறது என்ற கணக்கு, எந்த ஊரில் எத்தனை ஏக்கர் சம்பா என்ற கணக்கைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் அக்கா வீட்டுக்கு அப்படி அடிக்கடி போவேன். ஒருநாள் நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "ஆபீசரம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நாலு மாசமா பாக்குறேன், வந்ததும் கொல்லைப்பக்கம்தான் போறீங்க. மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. எங்க மாமியாரும் இப்படித்தான் மூலம் மூலம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில கேன்சர்னு சொன்னாங்க. டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்றார்.

ஜீப்பில் ஏறியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. நெல் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், துத்தநாகக் குறைவாக இருக்கலாம், துங்ரோ நோயாகவும் இருக்கலாம். செடியைப் பிடுங்கி வேரையும் இலையையும் பார்க்காமல் மருந்துக்கடைக்காரர் கொடுப்பதை அடிக்காதீர்கள் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! என் உடம்பு மஞ்சளித்தபோது நான் செய்தது அதைத்தான்.

நோயைக் கண்டுபிடித்த விதம்

2018 ஏப்ரலில் தஞ்சாவூரில் ஒரு குடல்நோய் மருத்துவரைப் பார்த்தேன். அவர் உடனே மருந்து எழுதவில்லை. முதலில் மலப் பரிசோதனை. அமீபா, பாக்டீரியா போன்ற கிருமிகளால் வந்த பேதி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஏனென்றால், கிருமியால் வந்த நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் விபரீதமாகிவிடும். அடுத்து ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9 இருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் கூடியிருந்தன. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தையும் அளந்தார்கள். குடலில் அழற்சி இருந்தால் இது ஏறும். வெறும் வயிற்றுக் கோளாறு என்றால் பெரும்பாலும் ஏறாது.

கடைசியாக கொலோனோஸ்கோபி. பெயரைக் கேட்டதும் எனக்குக் கைகால் நடுங்கியது. உண்மையில் கஷ்டம் முதல் நாள் இரவுதான். பேதி மருந்து கலந்த தண்ணீரைக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். மறுநாள் ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் படுக்க வைத்து, நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சதைத் துணுக்குகள் சிலவற்றை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். மலக்குடலில் ஆரம்பித்து இடப்பக்கப் பெருங்குடல் முழுவதும் செக்கச்செவேல் என்று இருந்தது. தொட்டால் ரத்தம் கசிகிற சிறுசிறு புண்கள். அதற்கு மேலே பளபளவென்று ஆரோக்கியமான குடல். "இதுதான் அல்சரேட்டிவ் கோலைட்டிஸோட அடையாளம் மேடம். கீழே மலக்குடல்ல ஆரம்பிச்சு, இடைவெளி விடாம மேலே ஏறும். பெருங்குடலோட உள்தோலை மட்டும் தாக்கும். இதுக்குப் பங்காளி ஒருத்தன் இருக்கான், க்ரோன்ஸ்னு பேரு. அவன் வாயிலேர்ந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும், அங்கங்க விட்டுவிட்டு, ஆழமா தாக்குவான். நம்ம நாட்டுல குடல் காசநோயும் க்ரோன்ஸ் மாதிரியே வேஷம் போடும். அதனாலதான் பயாப்ஸி இல்லாம பேர் வைக்க மாட்டோம்" என்றார்.

ஏன் வருகிறது என்று கேட்டேன். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் கிருமியிடமிருந்து குடலைக் காக்கிறது. இந்த நோயில் அதுவே குடலைத் தாக்குகிறது. பயிர்க் காவலுக்கு வைத்த ஆள், மாடு ஓடிப்போன பிறகும் கம்பைக் கீழே போடாமல் பயிரையே அடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். பரம்பரைக் கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்களில் ஏற்படும் மாற்றம், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து இதைத் தூண்டுகின்றன. ஒற்றைக் காரணம் கிடையாது. இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஒருகாலத்தில் மேலைநாட்டு நோய் என்றார்கள். இப்போது நம் ஊரிலும் கூடிக்கொண்டு வருகிறது. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே, 2007, 2020 என இரண்டு தடவை பதவி விலகியது இந்த நோயால்தான் என்பதை டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

மெசலமைன் மாத்திரையும், இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்து ஏற்றிக்கொள்ளும் மெசலமைன் எனிமாவும் கொடுத்தார். மாத்திரை மேலிருந்து போகிறது, எனிமா கீழே புண் இருக்கும் இடத்துக்கே நேராகப் போகிறது. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால், மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றது. மாத்திரை மட்டும் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. செலவு முடியாதவர்களுக்கு சல்ஃபாசலசின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையும் இருக்கிறது. அதோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சேர்த்துப் போட வேண்டும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல்நோய்ப் பிரிவு உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள்.

கஜா வந்த வருடம்

இனிதான், விழுப்புரம் சகோதரர் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

ஆகஸ்டு மாதம் நான் நன்றாக இருந்தேன். நாலு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆம், உங்கள் மகளுக்குச் சொன்ன அதே நாலு மாதம். குணமாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நினைத்தேன். பாரம்பர்ய அரிசிக் கண்காட்சி ஒன்றில் பேசப் போன இடத்தில் ஒருவர், "இந்த அரிசியைச் சாப்பிடுங்க மேடம், குடல்புண் எல்லாம் ஓடிப்போகும்" என்றார். நான் படித்த படிப்புக்கு அதற்கு ஆதாரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூட்டை வாங்கினேன். செப்டம்பரில் மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. முப்பது வருடம் வளர்த்த மரங்களைக் கட்டிப்பிடித்து அழுத விவசாயிகளைப் பார்த்துக்கொண்டே கணக்கெடுத்தோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு பத்தாகும். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி முதுகு பிடித்துக்கொண்டது. டைக்ளோஃபினாக் மாத்திரை போட்டுக்கொண்டு அலைந்தேன். அதுபோன்ற வலி மாத்திரைகள் இந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பத்தாவது நாள் மறுபடி ரத்தம். கணக்கெடுப்பு முடியட்டும் என்று மறைத்தேன். ஒரு தோப்பில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியதாயிற்று. புடவை நனைந்துவிட்டது. என் கீழ் வேலை பார்த்த உதவி வேளாண்மை அலுவலர், என் மகள் வயதுப் பெண், தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ஜீப் வரை என்னோடு நடந்து வந்தார். அலுவலகத்தில் தெரிந்த இரண்டு பேரில் அவர் ஒருவர்.

டிசம்பர் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல். நாடித்துடிப்பு 110. ஹீமோகுளோபின் 7.4. ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல், வேகமான நாடி, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கடுமையான தாக்குதல். இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1955-ல் வகுத்த அளவுகோல் இது. இன்றும் டாக்டர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

ரத்தம் ஏற்றினார்கள். நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்தார்கள். டாக்டர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மூணாவது நாள் பார்ப்போம். குறையலைன்னா இன்ஃப்ளிக்ஸிமாப்னு ஒரு ஊசி இருக்கு, அதைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் கேக்கலைன்னா பெருங்குடலை எடுக்கணும். எடுத்தாலும் உயிரோட, நல்லா இருக்கலாம். வயித்துல பை வைக்க வேண்டி வரலாம். சர்ஜன் நாளைக்கு உங்களை வந்து பார்ப்பார்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் எட்டுத் தடவை. ஐந்தாம் நாள் நாலு. தப்பித்தேன். எல்லோரும் தப்பிப்பதில்லை. என் அடுத்த அறையில் இருந்த ஒரு இளைஞருக்குப் பெருங்குடலை எடுத்தார்கள். அவர் பின்னர் நல்லபடியாக வேலைக்குப் போனதைச் செக்கப்புக்கு வந்தபோது பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவைச் சிகிச்சை என்றால் வாழ்க்கையே முடிந்தது என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டீராய்டு மாத்திரையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. வருடக்கணக்கில் தொடரவும் கூடாது. எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அதற்குப் பதிலாக அசதயோப்ரின் தொடங்கினார்கள். எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை அது. வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று ஆரம்பத்தில் அடிக்கடியும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் ரத்தம் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ஒருநாள்கூட நானாக மருந்தை நிறுத்தியதில்லை. பெரிய தாக்குதலும் வந்ததில்லை.

சகோதரரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன்

மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. ரத்தம் நின்றுவிட்டது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை; அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதை அடங்கியிருக்கச் செய்வதே அந்த மாத்திரைதான். அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் முடிவு. செலவு தாங்க முடியவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார்.

மாப்பிள்ளைச் சம்பா கொடுக்கலாமா? நோய் அடங்கியிருக்கும்போது ஒத்துக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள். நானும் சாப்பிடுகிறேன். அது நல்ல உணவு, ஆனால் இந்த நோய்க்கு மருந்தல்ல. நோய் கிளம்பியிருக்கும் நேரத்தில் தவிடு நீக்காத அரிசி, பச்சைக் காய்கறி, கொட்டை வகைகள் வயிற்றுவலியைக் கூட்டலாம். அப்போது குழைந்த சாதம், இட்லி, கஞ்சி, மசித்த பருப்பு, முட்டை போதும். மோர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, பால் ஒத்துக்கொள்ளவில்லை. இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மகள் ஒரு நோட்டில் எழுதிவந்தால் அவளுக்கே தெரிந்துவிடும். தேவையில்லாமல் எல்லாவற்றையும் விலக்கி அவளைப் பட்டினி போடாதீர்கள். ரத்தசோகை உள்ள பெண்ணுக்குச் சத்து வேண்டும்.

நீங்கள் போட்ட உரத்தாலும் மருந்தாலும் வந்ததா? அப்படி ஒரு நோயாளியைக் காட்டி, இந்த மருந்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அரிசியை நீங்கள் எல்லோரும்தானே சாப்பிட்டீர்கள்? தேவைக்கு மேல் மருந்து அடிக்காதீர்கள், அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளியை விடுங்கள் என்று எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்கிறேன். ஆனால், மகளின் நோய்க்கு நாம்தான் காரணம் என்ற பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

வரன் விஷயம். மறைத்து முடிக்காதீர்கள். மறைத்தால், புகுந்த வீட்டில் மாத்திரையை மறைத்து மறைத்துச் சாப்பிட வேண்டிவரும். ஒருநாள் நிறுத்தவும் நேரும். மறைத்த நோய் என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்துவிட்டேன். இந்த நோய் உள்ளவர்கள் திருமணம் செய்யலாம், குழந்தை பெறலாம். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது நல்லது. மெசலமைனைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். வேறு சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். அதனால், கல்யாணம் நிச்சயமானதும் டாக்டரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். மாப்பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்த பிறகு சொட்டுச்சொட்டாக ரத்தம் வரும். சளி கலந்து வந்தாலும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும், எடை குறைந்தாலும், 40 வயதைத் தாண்டி முதன்முதலாக வந்தாலும் உடனே பரிசோதனை செய்யுங்கள். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் வீட்டுப் பெண்களிடம் நீங்களே கேளுங்கள்.

இந்த நோய் வந்து எட்டு வருடம் ஆனால் குடல் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதனால், அந்தச் சமயத்திலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் கொலோனோஸ்கோபி செய்து பார்த்துவர வேண்டும். எனக்கு இது எட்டாவது வருடம். அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தத் தடவை லீவு லெட்டரில் காரணத்தை உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.